சிவப்புப் பட்டை உயரும்போது குணமாக்குவது எது?

மனச்சோர்வில் வாடும் ஒருவர் தன் மூளையின் ஒரு பகுதி இயங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டே, அந்த இயக்கத்தைத் தானே கூட்டவும் குறைக்கவும் பழக முடியுமா? பழகினால் நோய் தணியுமா? தணிந்தால், தணித்தது எது? முதல் கேள்விக்கு ஆம் என்ற பதில் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. இரண்டாவதற்கும் ஓரளவு ஆம் என்றே சொல்லலாம். மூன்றாவதில்தான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகள் முட்டி நிற்கின்றன. நியூரோஃபீட்பேக் எனப்படும் இந்தப் பயிற்சியைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் முதலிரண்டு பதில்களோடு முடிந்துவிடுகின்றன. நோயாளிக்கு உண்மையில் பயன்படப்போவது மூன்றாவது கேள்வியின் பதில் என்பதால், இக்கட்டுரை அதை நோக்கியே நகர்கிறது.

கதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கையில் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை எழுந்தடங்கும் ஆல்ஃபா அலையை உலகுக்குக் காட்டியவர் அவர். அந்த அலை எழுகிறதா இல்லையா என்பதை அலைக்கு உரியவரே உள்ளிருந்து உணர முடியுமா என்று 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதித்தார் ஜோ காமியா. ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியா தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். பழகப் பழகப் பலரும் சரியாகச் சொன்னார்கள். பிறகு, கேட்டுக்கொண்டபோது அந்த அலையை வரவழைக்கவும் அடக்கவும்கூட அவர்களால் முடிந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத்தான் தெரியவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாரி ஸ்டெர்மன் 1960களில் இதையே பூனைகளிடம் செய்தார். மூளையின் இயக்கப் புறணியில் குறிப்பிட்ட தாளம் எழும்போதெல்லாம் உணவு, வேறெதற்கும் கிடையாது. பூனைகள் அந்தத் தாளத்தை எழுப்பக் கற்றுக்கொண்டன. பின்னர் ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீன் வகைச் சேர்மத்தின் நச்சுத்தன்மையை ஆராயும் வேறொரு சோதனைக்கு வந்தபோது, இப்படிப் பழகிய பூனைகளுக்கு வலிப்பு வர மற்றவற்றைவிட அதிக நேரம் பிடித்தது. 1972இல் வலிப்பு நோயுள்ள மனிதரிடம் இம்முறை கையாளப்பட்டது. இந்தப் பூனைகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிகிச்சை பலிக்கும் என்ற நம்பிக்கையோ, வெள்ளைக் கோட்டின் மீதான மரியாதையோ பூனைக்குக் கிடையாது. மூளை தன் இயக்கத்தைப் பற்றிய தகவலைக் கொண்டு தன்னையே மாற்றிக்கொள்ளும் என்ற அடிப்படை இங்கே ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மனிதரில், அதுவும் மனச்சோர்வில், விஷயம் இவ்வளவு துலக்கமாக இல்லை.

மனச்சோர்வுக்கு இ.இ.ஜி. எனப்படும் மின்னலைப் பதிவின் வழியில் நடந்த முயற்சிகளுக்கு ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வுகள் அடிப்படையாயின. முன்மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இயங்குவதில்லை. மனச்சோர்வுள்ளவர்களுக்கு இடப்பக்கம் மந்தமாக இருக்கிறது என்பது அவர் தரப்பின் கருத்து. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் பயிற்சி கொடுத்தால் மனநிலை மேம்படும் என்று பலர் முயன்றார்கள். 2017இல் வெளியான தொகுப்பாய்வு, ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டு மனச்சோர்வைக் கண்டறிய முடியாது என்று முடிவுசெய்தது. அதன் மீது கட்டப்பட்ட பயிற்சிகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

இ.இ.ஜி.க்கு இன்னொரு குறையும் உண்டு. உணர்ச்சியோடு நெருங்கிய தொடர்புள்ள அமிக்டலா மூளையின் ஆழத்தில் சிறியதாகக் கிடக்கிறது. தலைத்தோலில் ஒட்டும் மின்முனைகளுக்கு அதன் குரல் தனியாகக் கேட்பதில்லை. அங்கே எட்டிப் பார்க்க வழி திறந்தவர் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த செய்ஜி ஒகாவா. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. இந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று 1990இல் அவர் காட்டினார். 1992இலேயே மனித மூளையின் செயற்பாடு இம்முறையில் படமெடுக்கப்பட்டது. எஃப்.எம்.ஆர்.ஐ. என்று நாம் சொல்வது இதைத்தான். 1995இல் ராபர்ட் காக்ஸும் அவர் குழுவினரும், படம் எடுக்க எடுக்கவே கணக்கிட்டுக் காட்டும் முறையை உருவாக்கினார்கள். 2003 வாக்கில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் நீல்ஸ் பிர்பாமரின் குழுவைச் சேர்ந்தவர்கள் அதை நியூரோஃபீட்பேக்குக்குப் பயன்படுத்தினார்கள்.

இந்த ஸ்கேன் மூளையின் சிந்தனையைப் படமெடுப்பதில்லை. நரம்பணுக்கள் மும்முரமாக இயங்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைத்தான் அது காண்கிறது. எந்தத் தெருவில் கல்யாணம் என்பதை, அங்கே போகும் தண்ணீர் லாரிகளை எண்ணிக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. லாரி தாமதமாகத்தான் வரும். மூளையிலும் இயக்கத்துக்கும் ரத்தப் பாய்ச்சலின் உச்சத்துக்கும் இடையே ஐந்தாறு விநாடி இடைவெளி. மூச்சை மெதுவாக விட்டாலோ அடக்கினாலோ ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடி, சிந்தனையில் மாற்றமே இல்லாமல் படம் மாறிவிடும். இந்தக் கடைசி விஷயம் பின்னால் தேவைப்படும்.

மனச்சோர்வுள்ளவரின் மூளை உண்மையிலேயே வேறாக இருக்கிறதா என்ற கேள்வியை இங்கே எழுப்பியாக வேண்டும். எதைத் திருத்தப் போகிறோம் என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?

ஹெலன் மேபெர்க் 1990களில் தொடங்கிய ஆய்வுகள் நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில், மூளை வரைபடத்தில் 25 என்று எண்ணிடப்பட்ட பகுதியைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. ஆரோக்கியமானவர்கள் வருத்தப்படும்போது அது கிளர்ந்தது; மனச்சோர்வு தணிந்தவர்களிடம் அடங்கியது. 2005இல் டொரண்டோவில் மருந்துக்கு மசியாத ஆறு பேரின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி அப்பகுதியைத் தூண்டினார்கள். ஆறு மாதத்தில் நான்கு பேருக்கு நல்ல முன்னேற்றம். நம்பிக்கை பெருகி, 90 பேரைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. ஆறு மாத முடிவில், உண்மையான தூண்டல் பெற்றவர்களுக்கும் கருவி அணைத்துவைக்கப்பட்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பின்னர் நீண்ட காலம் தூண்டல் பெற்றவர்களில் பலர் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய ஆய்வில் பிரகாசமும் பெரிய ஆய்வில் மங்கலும் என்ற இந்த வரிசை, இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருகிறது.

எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2016இல் 1,728 நோயாளிகளின் மூளை அமைப்பை 7,199 பேரின் மூளையோடு ஒப்பிட்டது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் நோயாளிகளிடம் சிறியதாக இருந்தது. சராசரி வேறுபாடு 1.24 விழுக்காடு மட்டுமே. உணர்ச்சி சார்ந்த எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்த வெரோனிகா முல்லர் குழுவினருக்கு, எல்லா ஆய்வுகளும் ஒன்றுபோலச் சுட்டும் இடம் மூளையில் எதுவும் கிடைக்கவில்லை. மனம் தன்னுள் உழலும்போது இயங்கும் வலைப்பின்னல் மனச்சோர்வில் அளவுக்கு மீறி இணைந்திருக்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. சீனாவில் 1,300 நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் இணைப்பு குறைந்தே காணப்பட்டது. அதுவும் நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம்; மருந்தின் விளைவும் அதில் கலந்திருந்தது. 2022இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, 861 நோயாளிகளையும் 948 பிறரையும் பல வகை ஸ்கேன்களால் ஒப்பிட்டது. எந்த அளவீட்டை எடுத்தாலும் இரு குழுக்களும் 87 முதல் 95 விழுக்காடு வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஒற்றை அளவீட்டைக் கொண்டு ஒருவர் நோயாளியா இல்லையா என்று ஊகித்தால், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான விடைதான் கிடைத்தது.

மனச்சோர்வு ஒரே நோயாக இல்லாமல் பல நோய்களின் பொதுப்பெயராக இருப்பது இதற்குக் காரணமாகலாம். அந்தத் திசையில் உட்பிரிவுகளைத் தேடும் வேலை நடக்கிறது. 2017இல் அறிவிக்கப்பட்ட நான்கு வகைகளை வேறு குழு சரிபார்த்தபோது அவை உறுதிப்படவில்லை. 2024இல் ஸ்டான்ஃபோர்டின் லியான் வில்லியம்ஸ் குழுவினர் 801 பேரின் தரவுகளிலிருந்து ஆறு வகைகளை முன்வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய நிலையில் ஸ்கேன் எடுத்து ‘உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பத் தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வல்லுநர் குழு 2018இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நோயாளியோடு உட்கார்ந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, காலையில் எழுந்திருக்க முடிகிறதா என்று கேட்கும் மருத்துவரின் இடத்தை எந்த ஸ்கேனும் இதுவரை பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரின் லாரியேட் மூளை ஆய்வு நிறுவனத்தில் நடந்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். கிம்பர்லி யங்கும், இயற்பியலாளர் ஜெர்சி போதுர்காவும் அவர்களுடைய சகாக்களும் அமிக்டலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் குறைக்கச் சொல்லாமல் கூட்டச் சொன்னதுதான் அவர்கள் எடுத்த துணிச்சலான முடிவு.

ஏன் துணிச்சல் என்றால், அமிக்டலா அச்சத்தின் இருப்பிடம் என்பதே பரவலான எண்ணம். சோகமான முகங்களைக் காட்டினால் மனச்சோர்வுள்ளவர்களிடம் அது மிகையாக எதிர்வினை காட்டும் என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. உணர்ச்சிகளைச் சீர்படுத்துவது பற்றி 2002இல் கெவின் ஆக்ஸ்னர் குழுவினர் செய்த ஆய்வில், மனத்தை உறுத்தும் படத்தை வேறு பொருளில் பார்க்கப் பழகும்போது முன்மூளை கிளர்ந்தது, அமிக்டலா அடங்கியது. ஆகவே ‘அமிக்டலாவை அடக்கு’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. யங் குழுவினர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள். அமிக்டலா கெட்டதற்கு மட்டும் மணியடிக்கும் உறுப்பு கிடையாது. நமக்கு முக்கியமான எதற்கும் அது எழுகிறது. மனச்சோர்வுள்ளவர்களிடம் இனிய நினைவுகளுக்கு அது போதிய அளவு எழுவதில்லை.

இதற்குப் பின்னால் பழைய கண்டுபிடிப்பொன்றும் இருக்கிறது. 1986இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டிய குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களால் பொதுப்படையாகத்தான் சொல்ல முடிந்தது. ‘லீவு விட்டால் பாட்டி வீட்டுக்குப் போவோம்’ என்று வருமே தவிர, ‘அன்றைக்கு மழை பெய்தது, பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எனக்குத் தலை துவட்டிவிட்டாள்’ என்று ஒரு நாள் தனியாக எழுந்து வராது. மனச்சோர்விலும் இதே மங்கல் பின்னர் பலமுறை உறுதிசெய்யப்பட்டது. நல்ல நாள்கள் நடந்தது தெரியும். அவற்றுக்குள் திரும்பப் போகத்தான் முடியாது. இந்த நோயின் கொடுமைகளில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சற்றும் தெரியாதது இதுதான் என்று நினைக்கிறேன். ‘நல்லதை நினைத்துக்கொள்’ என்று அன்போடு சொல்பவர்கள், அந்தக் கதவே அடைபட்டிருப்பதை அறிவதில்லை.

டல்சாவில் மருந்து எடுத்துக்கொள்ளாத நோயாளிகள் ஸ்கேனருக்குள் படுத்தபடி இனிய நினைவுகளை மீட்டெடுத்தார்கள். கண்ணெதிரே திரையில் சிவப்புப் பட்டை. இட அமிக்டலாவின் இயக்கம் அதில் உயரமாகத் தெரியும். எட்ட வேண்டிய அளவை நீலப் பட்டை காட்டும். நாற்பது விநாடி நினைவு, நாற்பது விநாடி ஓய்வு, நாற்பது விநாடி எண்களைப் பின்னோக்கி எண்ணுதல் என்று மாறி மாறி நடக்கும். ஒரு நினைவு பட்டையை உயர்த்தவில்லையா, வேறொன்றை எடுக்கலாம். கடைசிச் சுற்றில் பட்டை மறைக்கப்படும். உதவியின்றிச் செய்ய வேண்டும். ஒப்பீட்டுக் குழுவும் இதையே செய்தது. ஆனால் அவர்களுடைய பட்டையில் தெரிந்தது, எண்களைக் கையாளும் வேறொரு மூளைப் பகுதியின் இயக்கம். யார் எந்தக் குழு என்று அவர்களுக்குத் தெரியாது.

2017இல் வெளியான முடிவுகள் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை. மொத்தம் 36 பேர், இரண்டே அமர்வுகள். அமிக்டலா குழுவின் 19 பேரில் 12 பேருக்கு நோயின் மதிப்பெண் பாதிக்கு மேல் குறைந்தது. ஆறு பேர் நோய் நீங்கியவர்கள் என்று கருதத்தக்க நிலையை எட்டினார்கள். ஒப்பீட்டுக் குழுவின் 17 பேரில் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் இருவர். நோய் நீங்கியவர் ஒருவர். அமிக்டலா குழுவினருக்குக் குறிப்பிட்ட இனிய நினைவுகளும் முன்னைவிட அதிகம் வந்தன. மாத்திரைகள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையை இரண்டு அமர்வுகள் செய்தன என்றால் அதை யாரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த ஆண்டே வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து வேறு விதமான முடிவு வந்தது. டேவிட் லிண்டனின் குழு 2012இலேயே எட்டு நோயாளிகளிடம் நல்ல பலன் கண்டிருந்தது. எட்டு பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு ஸ்கேனருக்கு வெளியே கற்பனைப் பயிற்சி மட்டும் செய்தது, முன்னேறவில்லை. அதைவிடக் கடுமையான சோதனையை டேவிட் மேலர் முதன்மை ஆசிரியராக இருந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் செய்தார்கள். ஒரு குழு உணர்ச்சி சார்ந்த பகுதிகளைக் கூட்டப் பழகியது. இன்னொரு குழுவுக்குத் தரப்பட்டது இடங்களையும் காட்சிகளையும் உணரும் பகுதி. அமைதியான இடங்களை மனத்தில் வரைந்து அதைக் கூட்ட வேண்டும். பயிற்சியை முடித்த 32 பேரில் இரு குழுக்களுமே தேறின. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் சராசரியாக 43 விழுக்காடு குறைவு. குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோலண்ட் ஸான் குழுவினர் தன்னையே பழித்துக்கொள்ளும் உணர்வோடு தொடர்புடைய மூளை இணைப்பை இலக்காக எடுத்து, அதே மனப்பயிற்சியை ஸ்கேனர் இன்றிச் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இங்கேயும் இரு தரப்பும் தேறின. ஸ்கேனர் கூடுதலாக எதையும் தந்ததாகத் தெரியவில்லை.

ஐயவாதிகளுக்கு இவை வலுவான சான்றுகள். மான்ட்ரியலின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் திபோவும் அமிர் ராஸும் பல ஆண்டுகளாக ஒரே விஷயத்தை எழுதிவந்தார்கள்: பிரமாண்டமான இயந்திரம், அக்கறையுள்ள ஆய்வாளர்கள், மணிக்கணக்கான கவனம், ‘என் மூளையை நானே மாற்றுகிறேன்’ என்ற எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்த பிளாசிபோ சாதாரணச் சர்க்கரை மாத்திரையைவிடப் பல மடங்கு வலியது. ஒழுங்கான ஒப்பீடு இல்லாத ஆய்வுகளில் பெரும்பங்கு பலன் அதிலிருந்து வந்திருக்கலாம். பங்கேற்பவர்கள் தம்மையறியாமல் மூச்சை மாற்றிப் பட்டையை உயர்த்தியிருக்கலாம் என்பதையும் பல ஆய்வுகள் சோதிக்கவில்லை. இ.இ.ஜி. தரப்பின் இரு பெரிய ஆய்வுகள் இவர்கள் பக்கம் நிற்கின்றன. தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க்கில் நடந்த சோதனையும், கவனக்குறைவுக் கோளாறுள்ள 140க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையும் கண்டது ஒன்றே: உண்மைப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் சம அளவில் உதவின.

விவாதம் பெரும்பாலும் இங்கே இரண்டாகப் பிரிந்து நின்றுவிடுகிறது. டல்சா சரியா, கார்டிஃப் சரியா என்று கேட்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்க வழியுண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களைக் கொண்டு நடந்த சோதனைக்குப் போக வேண்டும்.

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு மின்னதிர்ச்சி வரும்போது தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம்; ஆனால் அது நிற்பது முதல் குழுவின் நாயைப் பொறுத்தது, தன் முயற்சியைப் பொறுத்ததன்று. மூன்றாவதற்கு அதிர்ச்சியே இல்லை. பிறகு, தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோது இரண்டாம் குழுவின் பெரும்பாலான நாய்கள் தாண்ட முயலாமல் படுத்துக்கொண்டன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று இதற்குப் பெயரிட்டு, மனச்சோர்வுக்கு முன்மாதிரியாகக் கொண்டார்கள். ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கழித்து, 2016இல், அவர்களே அந்தக் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருத்தினார்கள். எலிகளின் மூளையை ஆராய்ந்த மையர் கண்டது இது: நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது கற்றுக்கொள்ளாமலே வரும் இயல்பான எதிர்வினை, மூளைத்தண்டிலுள்ள செரட்டோனின் அணுக்கள் அதை நடத்துகின்றன. கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடுதான். ‘என் செயலால் இது மாறுகிறது’ என்பதை முன்மூளையின் நடுப்பகுதி கண்டறியும்போது, அந்த அணுக்களை அது அடக்குகிறது.

இந்தக் கண்ணோட்டத்தோடு இரு சோதனைகளையும் மறுபடி பாருங்கள். டல்சாவின் ஒப்பீட்டுக் குழு இனிய நினைவை எவ்வளவு நன்றாக மீட்டாலும், எண்களுக்கான பகுதி அதற்கு இணங்க வேண்டிய காரணம் இல்லை. முயற்சி ஒருபக்கம், பட்டை இன்னொரு பக்கம். இரண்டாம் குழு நாயின் நிலைக்கு இது அருகில் வருகிறது. கார்டிஃபின் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தரப்பட்ட பகுதியோ காட்சியைக் கற்பனை செய்தால் எழக்கூடியது என்று முன்பே அறியப்பட்டது. அவர்களுடைய முயற்சிக்குப் பலன் தெரிய வாய்ப்பிருந்தது. கார்டிஃபில் இரு குழுக்களும் தேறியதும், டல்சாவில் ஒரு குழு மட்டும் தேறியதும் அமிக்டலாவைக் காட்டிலும் கட்டுப்பாட்டு அனுபவத்தால் நன்றாக விளங்குகிறது. எதிலும் தன் கை ஓங்காது என்று நம்பிப்போன ஒருவர், வாழ்க்கையில் நீண்ட நாளுக்குப் பின் தான் முயன்றதும் ஒன்று அசைவதைப் பார்க்கிறார். அசைந்தது எந்தப் பகுதி என்பது இரண்டாம்பட்சமாக இருக்கக்கூடும்.

இது என் கணிப்பு, நிறுவப்பட்ட முடிவன்று. அமிக்டலாவின் தனிப்பங்கையும் இது மறுத்துவிடவில்லை. இனிய நினைவு துலங்கி வருவதற்கு அந்தப் பகுதியின் எழுச்சி உதவுகிறது என்றால், கட்டுப்பாடும் நினைவும் சேர்ந்தே வேலை செய்யலாம். ஜப்பானின் கியோட்டோவில் மிட்சுவோ கவாட்டோவின் குழு உருவாக்கிய முறையில், தான் எதைப் பயில்கிறோம் என்பதையே பங்கேற்பவர் அறிவதில்லை; மூளையின் இயக்க வடிவம் இலக்கை நெருங்கும்போது திரையில் வட்டம் பெரிதாகும், அவ்வளவுதான். எதிர்பார்ப்பைப் பிரித்தெடுக்க அந்த முறை நல்ல கருவி. ஆனால் வட்டம் பெரிதாகும் இன்பத்தை அதனாலும் பிரிக்க முடியாது.

ஸ்கேனரின் வழிகாட்டலால் கூடுதல் பலன் உண்டா என்ற கேள்வி நியூரோஃபீட்பேக்கோடு நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் ஒவ்வொருவரின் எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு இடம் குறித்து, நாளுக்குப் பத்து முறையாக ஐந்து நாள் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் கொடுத்தார்கள். 29 பேரைக் கொண்ட 2022ஆம் ஆண்டுச் சோதனையில் நான்கு வார முடிவில் நோயின் அளவு 52.5 விழுக்காடு குறைந்தது. போலித் தூண்டலில் 11.1 விழுக்காடு. அமெரிக்க அரசின் அனுமதியும் அதே ஆண்டில் கிடைத்தது. மறுபக்கம், பிரிட்டனில் 255 பேரிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், மூளை இணைப்பைப் பார்த்து இடம் குறித்த தூண்டலும் வழக்கமான முறைக்கு அருகிலான தூண்டலும் சமமாகவே உதவின. ஸ்டான்ஃபோர்டின் வெற்றிக்கு இடக்குறிப்பு காரணமா, நாளுக்குப் பத்து முறை என்ற செறிவு காரணமா என்பதைப் பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை அமைக்கப்படவில்லை.

செலவைக் குறைக்கும் வேலையும் நடக்கிறது. டெல் அவிவில் டால்மா ஹெண்ட்லர் குழுவினர், அமிக்டலாவின் இயக்கத்தை இ.இ.ஜி. பதிவிலிருந்தே கணிக்கும் சூத்திரத்தை உருவாக்கி, ராணுவப் பயிற்சியிலிருந்த வீரர்களிடம் சோதித்தார்கள். அதிலிருந்து பிறந்த பிரிசம் என்ற கருவிக்கு, பெரும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்குத் துணைச் சிகிச்சையாக 2023இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஸ்கேனர் இல்லாமலே அமிக்டலாவைப் பயிற்ற முடியுமானால் இந்த ஆய்வுகள் மருத்துவமனை வாசலுக்கு வரும்.

நம் நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்தச் செலவுக் கணக்கைத் தவிர்க்க முடியாது. பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் 495 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில், நோயாளி கைவிட்டுவிட்ட சின்னச் சின்ன வேலைகளை மறுபடி செய்யவும், செய்ததும் மனநிலை எப்படி மாறுகிறது என்று கவனிக்கவும் பழக்கினார்கள். மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். அங்கேயும் நடந்தது ஒருவகைப் பின்னூட்டப் பயிற்சிதான். செய்கிறேன், மாறுகிறது, பார்க்கிறேன். இதையும் டல்சாவையும் எதிரெதிராக நிறுத்த நான் விரும்பவில்லை; இரண்டுக்கும் அடியில் ஒரே பொறிமுறை இருக்கலாம் என்பதுதான் என்னை ஈர்க்கிறது. ஆனால் நகரங்களில் நியூரோஃபீட்பேக் அமர்வுகளைப் பெரும் தொகைக்கு விற்பவர்களிடம் ஒன்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது: போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டு இந்த முறை எங்கே சோதிக்கப்பட்டது? பதில் வரவில்லையென்றால் பணத்தைக் கொடுக்க வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் மருந்தையோ ஆலோசனையையோ இதற்காக நிறுத்தவும் வேண்டாம். இந்த ஆய்வுகள் எதுவும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஆய்வாளர்கள் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். எதை அளந்தோம், எப்படி ஒப்பிட்டோம், பங்கேற்றவர் தன் குழுவை ஊகித்தாரா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்து வெளிப்படையாக எழுத வேண்டும் என்ற பட்டியலைத் துறையினர் பலர் சேர்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அந்த ஒழுங்கோடு நடக்க வேண்டிய சோதனை என் பார்வையில் நான்கு குழுக்களைக் கொண்டது. எல்லோரும் இனிய நினைவுகளை மீட்கிறார்கள். ஆய்வாளரோடு எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். முதல் குழு தன் அமிக்டலாவைப் பார்க்கிறது. இரண்டாவது, தான் எளிதாக இயக்கக்கூடிய வேறொரு பகுதியைப் பார்க்கிறது. மூன்றாவது, இன்னொருவரின் பட்டை ஏறி இறங்குவதைத் தன்னுடையது என்று எண்ணிப் பார்க்கிறது. நான்காவது ஸ்கேனருக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நினைவை மட்டும் பயில்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் பதிவாக வேண்டும். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் ‘பட்டை உங்கள் சொல் கேட்டதா?’ என்று கேட்டுக் குறிக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று பின்தொடர வேண்டும். முதல் குழு மட்டும் தேறினால் அமிக்டலா வென்றது. முதலிரண்டும் தேறி மூன்றாவது பின்தங்கினால் கட்டுப்பாடு வென்றது. நான்கும் ஒரே அளவில் தேறினால், ஸ்கேனரை அணைத்துவிட்டு நாற்காலிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.